ஒரு நாட்டுல பணம் போடறதுக்கு முன்னாடி அந்த நாட்ட எப்படி எடை போடறது

வெளிநாட்டுல தொழில் ஆரம்பிக்கலாமான்னு யோசிக்கறவங்க, அங்க ஒரு கம்பெனியோட பங்கு வாங்கப் போறவங்க, பேங்க்ல கம்ப்ளையன்ஸ் (சட்ட விதிகள் மீறாம பாத்துக்கற) வேல பாக்கறவங்க, எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்த வேல வந்து சேரும்: இந்த நாடு எவ்வளவு ரிஸ்க்குன்னு எழுதிக் குடுங்க. நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா நெட்ல நாலு இண்டெக்ஸ் எடுத்து, ஸ்கோரக் கூட்டி நாலால வகுத்து, மீடியம்னு மஞ்சள் கலர் அடிச்சு அனுப்பிடறாங்க. அந்த மஞ்சள வச்சு யாராலயும் ஒரு முடிவும் எடுக்க முடியாது, அதான் பிரச்சனையே.

இன்னொன்னு, நிதிக் குற்ற ரிஸ்க்குன்னு ஒரு டீம் தனியா எழுதும், முதலீட்டுச் சூழல்னு இன்னொரு டீம் தனியா எழுதும், ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்க. ஆனா ரெண்டுக்கும் அடியில இருக்கற கேள்வி ஒண்ணுதான்: அந்த நாட்டுல பெரிய இடத்துல இருக்கற ஒருத்தர் தப்பு பண்ணா அவரத் தடுக்கறதுக்கு யாராவது இருக்காங்களா, இருந்தா அவங்க நெஜமாவே தடுக்கறாங்களா? தடுக்க ஆள் இல்லாத ஊர்ல கருப்புப் பணம் சுலபமா வெள்ளையாகும், அதே ஊர்ல உங்க லைசென்ஸ ஒரு நாள் காலைல கேன்சல் பண்ணாலும் கேக்க நாதி இருக்காது. இந்தக் கேள்விக்கு பதில் எந்த இண்டெக்ஸ்லயும் இல்ல, நடந்த ஒரு கேஸ முதல்லேந்து கடைசி வரைக்கும் பின்தொடர்ந்து போனாதான் கிடைக்கும். அத எப்படி பண்றதுன்னு கீழ சொல்றேன், அதுக்கு முன்னாடி அடிப்படை வேல கொஞ்சம் இருக்கு.

முதல்ல நீங்க அங்க என்ன பண்ணப் போறீங்கன்னு ஒரே வரில எழுதிக்கோங்க. கடனுக்கு சரக்கு அனுப்பறவருக்கு இருக்கற ரிஸ்க் வேற, இருபது வருஷத்துக்கு ஃபேக்டரி கட்டறவருக்கு இருக்கறது வேற, அரசு பாண்ட் (கடன் பத்திரம்) வாங்கி மூணு மாசத்துல வித்துட்டு வெளிய வர்றவருக்கு வேற. சுரங்கம், கட்டுமானம், ஆயுதம், டெலிகாம் மாதிரி அரசாங்கத்தோட கையெழுத்து இல்லாம ஒண்ணும் நகராத தொழில்னா லஞ்ச ரிஸ்க் ரெண்டு மடங்குன்னே வச்சுக்கலாம். இத எழுதாம ஆரம்பிச்சா கடைசில பொதுவா ஒரு நாட்டப் பத்தி கட்டுரை எழுதின மாதிரி ஆயிடும்.

அடுத்து தடைகள், அதாவது இந்த நாட்டோட, இந்த ஆளோட தொழில் பண்ணக் கூடாதுன்னு அரசாங்கங்கள் போடற தடை. இது மதிப்பீடு இல்ல, வாசல். ஐநா, அமெரிக்கா, ஐரோப்பிய யூனியன், பிரிட்டன் நாலு பேரோட தடைப் பட்டியலையும் பாருங்க, ஏன்னா நீங்க எந்த நாட்டுக்காரரா இருந்தாலும் பணம் டாலர்ல நகர்ந்தா பெரும்பாலும் எங்கயோ ஒரு நியூயார்க் பேங்க் வழியாத்தான் போகும். அமெரிக்காவோட 50 சதவீத விதிய மறந்துடாதீங்க: தடையில இருக்கற ஆளுங்க சேர்ந்து பாதியோ அதுக்கு மேலயோ வச்சிருக்கற கம்பெனி, பட்டியல்ல பேரே இல்லன்னாலும் தடையில இருக்கறதாதான் அர்த்தம். நேரடித் தடை இல்லாத நாடும் வழி நாடா இருக்கலாம். 2022-க்கு அப்புறம் ஐரோப்பாலேந்து கிர்கிஸ்தானுக்குப் போற ஏற்றுமதி திடீர்னு பல மடங்கு ஏறிச்சு, அங்க உள்ள மக்கள் எல்லாரும் ஒரே வருஷத்துல அவ்வளவு கார் வாங்க ஆரம்பிக்கல, சரக்கு அடுத்த எல்லையத் தாண்டி ரஷ்யாவுக்குப் போயிட்டிருந்துது. இத யார் வேணா கண்டுபிடிக்கலாம், ஐநாவோட காம்ட்ரேட்ங்கற ஏற்றுமதி இறக்குமதி தரவுல ஒரு நாடு ஏற்றுமதி பண்ணேன்னு சொன்னதையும் எதிர் நாடு இறக்குமதி பண்ணேன்னு சொன்னதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாலே போதும். எண்ணிக்கை ஒத்துப் போகலன்னா உடனே குற்றம்னு சொல்லிட முடியாது, கணக்கு வைக்கற முறை வேறயா இருக்கலாம், ஆனா தங்கத்துலயும் எரிபொருள்லயும் இந்த இடைவெளி வருஷா வருஷம் பெருசா இருந்தா அங்க நின்னு விசாரிங்க.

சாம்பல் பட்டியல எப்படி படிக்கறது

எஃப்ஏடிஎஃப்னு ஒரு அமைப்பு, பணச் சலவைய, அதாவது கருப்புப் பணத்த வெள்ளையாக்கறத தடுக்க 1989-ல ஜி7 நாடுகள் பாரிஸ்ல ஆரம்பிச்சது. 40 பரிந்துரைகள் வச்சிருக்காங்க, அத ஒவ்வொரு நாடும் எப்படி கடைப்பிடிக்குதுன்னு ஆள் அனுப்பி ஆய்வு பண்றாங்க. ரொம்ப மோசமான நாடுகள் கருப்புப் பட்டியல்ல, குறைய சரி பண்றாங்களான்னு கண்காணிப்புல இருக்கற நாடுகள் சாம்பல் பட்டியல்ல. கருப்புப் பட்டியல்ல வட கொரியா, ஈரான், 2022 அக்டோபர்லேந்து மியான்மர். சாம்பல் பட்டியல் கொஞ்சம் பெருசு, ஆட்கள் வந்து போயிட்டே இருப்பாங்க: பாகிஸ்தான் 2018-லேந்து 2022 வரைக்கும், துருக்கி 2021-லேந்து 2024 வரைக்கும், ஐக்கிய அரபு அமீரகம் 2022-லேந்து 2024 வரைக்கும் இருந்தாங்க, தென்னாப்பிரிக்காவும் நைஜீரியாவும் 2023 பிப்ரவரில உள்ள போய் 2025 அக்டோபர்ல வெளிய வந்தாங்க. பட்டியல்ல விழுந்தா பணம் வரத்து குறையும்ங்கறது உண்மை, ஐஎம்எஃப்-ல (சர்வதேச நிதியம்) 2021-ல வந்த ஒரு ஆய்வு சராசரியா ஜிடிபில 7.6 சதவீதம் அளவுக்கு மூலதன வரத்து குறையுதுன்னு சொல்லுது. ஆனா சாம்பல் பட்டியல்னா தொடாதேன்னு அர்த்தம் இல்ல. ஓட்டை எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சாச்சு, அடைக்கறேன்னு அந்த நாட்டு அரசாங்கமும் ஒத்துக்கிட்டிருக்குன்னுதான் அர்த்தம். பட்டியல்ல இல்லாத நாட்டுல ஓட்டையே இல்லன்னும் அர்த்தம் இல்ல, ஆய்வு நடந்து ரொம்ப வருஷம் ஆகியிருக்கலாம்.

ஒருத்தர் தன்னோட பட்டியல்லேந்து ஒரு நாட்ட எடுத்தா இன்னொருத்தரும் எடுப்பாருன்னும் நெனைக்காதீங்க. அமீரகத்த எஃப்ஏடிஎஃப் 2024 பிப்ரவரில எடுத்துட்டாங்க, ஐரோப்பிய பார்லிமெண்ட் அந்த ஏப்ரல்ல முடியாதுன்னு சொல்லிடுச்சு, ஐரோப்பாவோட அதிக ரிஸ்க் பட்டியல்லேந்து வெளிய வர 2025 ஆயிடுச்சு.

பட்டியல விட முக்கியம் அந்த ஆய்வு அறிக்கை. ஒரு நாட்டு அறிக்கை நூத்துக்கணக்கான பக்கம் இருக்கும், எல்லாம் படிக்க வேணாம். ரெண்டு விதமா மார்க் போட்டிருப்பாங்க. ஒண்ணு சட்டம் எழுதியிருக்காங்களான்னு 40 பரிந்துரைக்கு 40 மார்க். இன்னொன்னு அந்தச் சட்டம் வேல செய்யுதான்னு 11 விளைவுகளுக்கு 11 மார்க், உயர்வு, கணிசம், மிதம், குறைவுன்னு நாலு படி. முதல் வகைல பாஸ் ஆகறது பெரிய விஷயம் இல்ல, நல்ல கன்சல்டன்ட் ஒருத்தர வச்சா ஆறு மாசத்துல சட்டம் எழுதிடலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொல்றது இதத்தான். ரெண்டாவது வகைய மட்டும் பாருங்க, அதுலயும் 5, 7, 8 மூணையும் கண்டிப்பா பாருங்க: கம்பெனியோட நிஜ முதலாளி யாருன்னு தெரியுமா, பணச் சலவைக்கு யாரையாவது தண்டிச்சாங்களா, சொத்த பறிமுதல் பண்ணாங்களா.

ஏழாவதுல ஒரு டேபிள் இருக்கும், எத்தன விசாரணை, எத்தன வழக்கு, எத்தன தண்டனைன்னு. அங்க எண்ணிக்கைய விட யார தண்டிச்சாங்கன்னு பாக்கணும். அதே அறிக்கையோட முன்பகுதியில அந்த நாட்டோட பெரிய ஆபத்து என்னன்னு எழுதியிருப்பாங்க, உதாரணத்துக்கு அரசு டெண்டர் ஊழல்னு இருக்கும், ஆனா தண்டனை வாங்கினவங்க எல்லாம் ஏடிஎம் மோசடி பண்ண பசங்களும் சில்லற கஞ்சா வியாபாரிகளுமா இருப்பாங்க. ஆபத்து ஒரு பக்கம், தண்டனை வேற பக்கம். இந்த இடைவெளி எவ்வளவு பெருசோ அவ்வளவு அரசியல் பாதுகாப்பு அந்த ஊழலுக்கு இருக்குன்னு நான் எடுத்துக்குவேன். அப்படியே சந்தேகப் பரிவர்த்தனை ரிப்போர்ட் யார் யார் குடுத்திருக்காங்கன்னும் பாருங்க, பேங்க்கிலேந்து ஆயிரக்கணக்குல வந்திருக்கும், வக்கீல், ரியல் எஸ்டேட், நகைக்கடைலேந்து ஒண்ணு ரெண்டுதான்னா பணம் எந்தக் கதவு வழியா உள்ள போகுதுன்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

அறிக்கைல ஆய்வுக் குழு நேர்ல போன தேதிய பாத்துக்கோங்க. அப்புறம் வர்ற ஃபாலோ அப் அறிக்கைகள்ல பொதுவா சட்ட மார்க்கதான் ஏத்துவாங்க, வேல செய்யுதாங்கற மார்க்க மறுபடி போடறதில்ல. 38 பரிந்துரையில பாஸ்னு ஒரு நாடு விளம்பரம் பண்ணா இத ஞாபகத்துல வச்சுக்கோங்க.

இண்டெக்ஸ்கள் எதுக்கு உதவும், எதுக்கு உதவாது

டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 1995-லேந்து ஊழல் குறியீடு போடறாங்க, 0 மோசம், 100 சுத்தம். அது அரசுத்துறை ஊழல் பத்தி நிபுணர்களும் தொழில் பண்றவங்களும் என்ன நெனைக்கறாங்கன்னு மட்டும்தான் அளக்குது. பேங்க்ல என்ன நடக்குதுன்னு அதுல வராது. டென்மார்க் வருஷக்கணக்கா அந்தப் பட்டியல்ல உச்சியிலயோ அதுக்குப் பக்கத்துலயோ இருக்கற நாடு, அந்த நாட்டோட பெரிய பேங்க்கான டான்ஸ்கேவோட எஸ்டோனியா கிளை வழியா 2007-லேந்து 2015 வரைக்கும் சுமார் 200 பில்லியன் யூரோ வெளிநாட்டுக்காரங்க பணம் போச்சு, அதுல பெரும்பகுதி சந்தேகத்துக்குரியதுன்னு பேங்க்கோட சொந்த விசாரணையே சொல்லிச்சு. 2022 டிசம்பர்ல அமெரிக்காவுல குற்றத்த ஒத்துக்கிட்டு 2 பில்லியன் டாலர் கட்டினாங்க. ஆக லஞ்சம் வாங்காத நாடு வேற, அழுக்குப் பணம் வராத நாடு வேற. சொல்லப்போனா திருடின பணத்த ஒளிச்சு வைக்கறவங்களுக்கு நல்ல கோர்ட்டும் நிலையான கரன்சியும் இருக்கற நாடுதான் வேணும்.

பணச் சலவை ரிஸ்க்க அளக்கற பேசல் ஏஎம்எல் இண்டெக்ஸ் 0-லேந்து 10 வரைக்கும் போகும், அங்க 10-தான் மோசம், ஊழல் குறியீட்டுக்கு அப்படியே தலகீழ், ரெண்டையும் ஒரே ஷீட்ல போட்டு சராசரி எடுத்து நாசம் பண்ணினத நிறைய பாக்கலாம். எந்த நாடு பணத்த ஒளிச்சு வைக்க அதிகமா உதவுதுன்னு பாக்கற, டேக்ஸ் ஜஸ்டிஸ் நெட்வொர்க்கோட நிதி ரகசியக் குறியீடு இதுக்கெல்லாம் நல்ல மாற்று மருந்து, 2022-ல அதுல முதல் இடத்துல இருந்தது அமெரிக்கா.

எந்த நாட்டுல தொழில் பண்றது சுலபம்னு வரிசைப்படுத்தின உலக வங்கியோட டூயிங் பிசினஸ் ரேங்க் இப்ப இல்ல. அத 2021 செப்டம்பர்ல நிறுத்திட்டாங்க, ஏன்னா தரவுல கைவச்சது வெளிய வந்துடுச்சு, 2018 அறிக்கைல சீனா 85-வது இடத்துல வந்திருக்கணும், 78-ல காட்டினாங்க. இன்னமும் சில அரசாங்க பிரசன்டேஷன்கள்ல அந்தப் பழைய ரேங்க் பெருமையா உக்காந்திருக்கும், அத பாத்தா மீதி ஸ்லைடையும் கொஞ்சம் சந்தேகத்தோட படிங்க. அதுக்கு பதிலா 2024-ல பி-ரெடின்னு புதுசா ஆரம்பிச்சாங்க, முதல் தடவ 50 நாடுகள்தான்.

என் கருத்து, இண்டெக்ஸ ஸ்கோருக்காக எடுக்காதீங்க, கேள்விக்காக எடுங்க. அஞ்சு வருஷத்துல ஒரு நாடு எட்டு பாயிண்ட் விழுந்திருந்தா ஏன் விழுந்துதுன்னு தேடப் போங்க, அதோட அந்த இண்டெக்ஸோட வேல முடிஞ்சுது.

கையால செஞ்சு பாக்க வேண்டிய சோதனை

அந்த நாட்டு கம்பெனி பதிவேட்ட திறந்து பாருங்க. போன ரெண்டு வருஷத்துல பெரிய அரசு டெண்டர் ஜெயிச்ச சில கம்பெனிகள எடுத்து, பங்குதாரர் யாரு, அவருக்கு மேல யாரு, கடைசில நிக்கற மனுஷன் யாருன்னு தேடுங்க. பல நாடுகள்ல 25 சதவீதத்துக்கு மேல வச்சிருக்கறவர நிஜ உரிமையாளர்னு காட்டணும்னு விதி இருக்கு. தேடல் எங்க போய் முட்டுதோ அதுதான் உங்க விடை. ஒரு தீவுல பதிஞ்ச கம்பெனில போய் முட்டுதா, ஒரே அட்ரஸ்ல முந்நூறு கம்பெனி இருக்கா, டைரக்டரா இருக்கறவர் ஓட்டு வீட்டுல இருக்கற டிரைவரா? பினாமிங்கறது நமக்குப் புதுசு இல்ல, தேடிப் பாத்தா கண்ணுக்குத் தெரிஞ்சிடும்.

பதிவேடு இருக்குங்கறதும் போதாது, உள்ள எழுதினது உண்மையான்னு யாராவது சரிபாக்கறாங்களான்னு கேக்கணும். மேல சொன்ன டான்ஸ்கே எஸ்டோனியா விவகாரத்த உள்ளேந்து வெளிய கொண்டு வந்த அந்தக் கிளை ஊழியர் ஹோவர்ட் வில்கின்சன் செஞ்சது சின்ன வேலதான், பேங்க்ல பெரிய பெரிய தொகை ஓடிட்டிருந்த ஒரு பிரிட்டன் பார்ட்னர்ஷிப்ப பிரிட்டன் கம்பெனி பதிவேட்டுல எடுத்துப் பாத்தாரு, அங்க அவங்க தொழிலே நடக்கலன்னு கணக்கு தாக்கல் பண்ணியிருந்தாங்க. அப்ப பிரிட்டன்ல யார் என்ன எழுதிக் குடுத்தாலும் அப்படியே ஏத்திக்குவாங்க, 2023-ல சட்டம் போட்டதுக்கு அப்புறம்தான் பதிவு பண்றவர் யாருன்னே சரிபாக்கற ஏற்பாடு வந்துது.

சட்டம் யாரயெல்லாம் விட்டுடுதுன்னும் தேடுங்க, ஓட்டை பெரும்பாலும் அங்கதான் இருக்கும். 2016 பிப்ரவரில பங்களாதேஷ் மத்திய வங்கியோட நியூயார்க் கணக்குலேந்து திருடின 81 மில்லியன் டாலர் மணிலாவுல ஒரு பேங்க்ல நாலு கணக்குக்கு வந்துது. அந்தக் கணக்குகள 2015 மே மாசமே போலி பேர்ல, கணக்குக்கு 500 டாலர் போட்டு ஆரம்பிச்சிருந்தாங்க, ஒன்பது மாசம் அசையாம கெடந்துது, அப்புறம் ஒரே வாரத்துல மில்லியன் மில்லியனா வந்து அங்கேந்து கேசினோவுக்குப் போயிடுச்சு. கேசினோ ஏன்னா அப்ப பிலிப்பைன்ஸோட பணச் சலவைத் தடுப்புச் சட்டத்துல கேசினோவே இல்ல! 2017-லதான் சேத்தாங்க. உங்க நாட்டுக்கு இதே கேள்விய கேளுங்க: ரியல் எஸ்டேட் உள்ள இருக்கா, தங்க வியாபாரி, வக்கீல், கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச், ஃப்ரீ ட்ரேட் ஸோன் உள்ள இருக்காங்களா?

ஒரு கேஸ எடுத்து கடைசி வரைக்கும் போங்க

இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், இதுக்கு மட்டும் ரெண்டு நாள் ஒதுக்குங்க. அந்த நாட்டுல நடந்த பெரிய நிதி ஊழல் ஒண்ண எடுத்துக்கோங்க. எப்படி நடந்துதுங்கறது பாதிக் கதைதான், யார் கண்டுபிடிச்சாங்க, யார் வழக்கு போட்டாங்க, யார் உள்ள போனாங்க, பணம் எவ்வளவு திரும்பி வந்துது, முதலீடு பண்ணவங்களுக்கு என்ன ஆச்சுன்னு வரிசையா எழுதுங்க.

மொசாம்பிக்க எடுத்துக்கலாம். 2013, 2014-ல மூணு அரசு கம்பெனிகளுக்கு சுமார் 2 பில்லியன் டாலர் கடன், வெளிநாட்டு பேங்க் ரெண்டு ஏற்பாடு பண்ணிச்சு, அரசாங்கம் கேரண்டி குடுத்துது. ஒரு கம்பெனி டூனா மீன் பிடிக்கப் போறோம்னு சொல்லி 850 மில்லியன் டாலருக்கு பாண்ட் வித்துது. மீதி ரெண்டு கடன் பார்லிமெண்ட்டுக்கே தெரியாது, ஐஎம்எஃப்-க்கும் தெரியாது. 2016-ல விஷயம் வெளிய வந்ததும் ஐஎம்எஃப்-ம் உதவி குடுக்கற நாடுகளும் பணத்த நிறுத்திட்டாங்க, நாட்டோட நாணயம் சரிஞ்சுது, 2017 ஜனவரில பாண்டுக்கு வட்டி கட்ட முடியாம டிஃபால்ட். கடன பத்தி எதுவுமே தெரியாம அங்க கடை வச்சிருந்தவரும் ஃபேக்டரி வச்சிருந்தவரும் இதுக்கு விலை குடுத்தாங்க, சம்பளத்துல அரிசி வாங்கற ஜனங்க அதவிட அதிகமா குடுத்தாங்க.

இப்ப யார் தண்டிச்சாங்கன்னு பாருங்க. அப்ப நிதியமைச்சரா இருந்த மானுவல் சாங் 2018 டிசம்பர்ல பிடிபட்டது தென்னாப்பிரிக்காவுல, கேட்டது அமெரிக்கா, தீர்ப்பு 2024-ல நியூயார்க்ல, 2025 ஜனவரில எட்டரை வருஷம் சிறை. அந்தக் கடன ஏற்பாடு பண்ண பேங்க்குகள்ல ஒண்ணான கிரெடிட் சூயிஸ் 2021-ல அமெரிக்க, பிரிட்டன் அதிகாரிங்களுக்கு சுமார் 475 மில்லியன் டாலர் கட்டிச்சு. உள்நாட்டுல ஒண்ணுமே நடக்கலன்னு சொல்ல முடியாது, அது முக்கியம்: 2021-ல தலைநகர் மபூட்டோவுல விசாரணை ஆரம்பிச்சு 2022 டிசம்பர்ல முன்னாள் ஜனாதிபதியோட மகனுக்கே 12 வருஷம் குடுத்தாங்க, அரசியல் சாசன கவுன்சில் அந்தக் கேரண்டிகளே செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அதே 2022 அக்டோபர்ல மொசாம்பிக் சாம்பல் பட்டியல்ல விழுந்துது, 2025 அக்டோபர்ல வெளிய வந்துது.

இந்த ஒரு கேஸ்லேந்து என்னென்ன தெரியுது பாருங்க. அரசு கம்பெனிகளோட கடன் கணக்குல வராம போக முடியும். அமைச்சர் ஒருத்தரோட கையெழுத்து பார்லிமெண்ட்ட தாண்டிப் போயிடும். தட்டிக் கேக்கறது தாமதமா நடக்கும், பாதி வெளியிலேந்துதான் வரும், ஆனா உள்ள நடக்கவே நடக்காதுன்னு இல்ல. கேரண்டி செல்லாதுன்னு தீர்ப்பு வந்தது நாட்டு மக்களுக்கு நியாயம், பாண்ட் வாங்கினவருக்கு அரசு கேரண்டின்னு எழுதின பேப்பர் மட்டும் போதாதுங்கற பாடம், அந்தக் கேரண்டிய குடுக்கற அதிகாரம் கையெழுத்து போட்டவருக்கு இருந்துதான்னு வக்கீல வச்சுப் பாக்கணும். இத எந்த ஸ்கோரும் உங்களுக்கு சொல்லியிருக்காது.

கேஸே கிடைக்கலன்னா சந்தோஷப்படாதீங்க. பெரிய நாடு, எண்ணெய் வருமானம், இருபது வருஷமா ஒரே ஆட்சி, ஒரு ஊழல் வழக்கு கூட செய்தியில இல்லன்னா அங்க ஊழல் இல்லன்னு அர்த்தம் இல்ல, எழுத பத்திரிகைக்காரங்க இல்லன்னு அர்த்தம். அதே மாதிரி ஆட்சி மாறின உடனே பழைய ஆட்சிக்காரங்க மேல மட்டும் நாப்பது வழக்கு வந்தா அதுவும் சட்டம் வேல செய்யறதுக்கு அடையாளம் இல்ல, ஆளுங்கட்சிக்காரர் ஒருத்தர் மேலயாவது வழக்கு நின்னுதான்னு பாருங்க.

பணம் உள்ள போறது சுலபம், வெளிய வருமா?

முதலீட்டுச் சூழல்னு சொன்னா எல்லாரும் வரிச்சலுகை, ஒற்றைச் சாளரம், எத்தன நாள்ல கம்பெனி பதியலாம்னு பேசுவாங்க. எனக்கு முதல் கேள்வி லாபத்த வெளிய எடுக்க முடியுமாங்கறதுதான். அதுக்கு நல்ல அளவுகோல் ஒண்ணு இருக்கு, அரசாங்க ரேட்டுக்கும் தெருவுல டாலர் விக்கற ரேட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம். 2023 ஜூனுக்கு முன்னாடி நைஜீரியாவுல அரசாங்க ரேட்ல டாலருக்கு சுமார் 460 நைரா, வெளிய 700-க்கு மேல. அரசாங்க ரேட்ல டாலர் யாருக்கு கிடைக்கும்? வேண்டப்பட்டவங்களுக்கு. அவங்க அத வாங்கி வெளிய வித்தாலே லாபம், அதுக்கு தொழிலே பண்ண வேணாம். இங்கதான் நிதிக் குற்றமும் முதலீட்டுச் சூழலும் ஒரே இடத்துல வந்து நிக்குது பாருங்க, அதே இடைவெளி லஞ்சத்துக்கும் காரணம், உங்க லாபம் மாட்டிக்கறதுக்கும் காரணம். வெளிநாட்டு ஏர்லைன்கள் டிக்கெட் வித்த பணம் மட்டும் 2023 நடுவுல 812 மில்லியன் டாலர் அங்க மாட்டியிருந்துதுன்னு ஏர்லைன்களோட சங்கமான ஐயாட்டா சொல்லிச்சு, எமிரேட்ஸ் 2022-ல ஃப்ளைட்டையே நிறுத்திட்டு 2024 அக்டோபர்லதான் திரும்ப வந்தாங்க. அந்த ஜூன்ல ரேட்ட சந்தைக்கு விட்டதுக்கு அப்புறம் இடைவெளி படிப்படியா குறைஞ்சுது, நாணயம் படு வீழ்ச்சி கண்டுதுங்கறதும் உண்மை, அதனால அங்க ஏற்கனவே பணம் வச்சிருந்தவருக்கு அடி, புதுசா போறவருக்கு முன்ன விட தெளிவான நிலைமை. ஒரே சம்பவம், ரெண்டு பேருக்கு ரெண்டு அர்த்தம், முதல்ல உங்க நோக்கத்த எழுதிக்கோங்கன்னு சொன்னது இதுக்காகத்தான்.

லெபனான்ல 2019-லேந்து பேங்க்ல போட்ட டாலர ஜனங்களே எடுக்க முடியல. பேங்க்ல இருக்கற எண் உங்க பணம் இல்ல, எடுக்க முடிஞ்சாதான் உங்க பணம். அதனால அங்க ஏற்கனவே தொழில் பண்றவங்க கிட்ட கேளுங்க: போன டிவிடெண்ட் அனுப்ப எத்தன மாசம் ஆச்சு, வரி ரீஃபண்ட் வந்துதா, அரசாங்கத்துக்கு சப்ளை பண்ணவங்களுக்கு பில் பாஸ் ஆகுதா?

அடுத்து ஒப்பந்தமும் கோர்ட்டும். 1958-ல உருவான நியூயார்க் ஒப்பந்தத்துல சேந்த நாடான்னு பாருங்க, கோர்ட்டுக்குப் பதிலா ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட வெளிநாட்டு நடுவர் குடுக்கற தீர்ப்ப அங்க அமல்படுத்த அதுதான் அடிப்படை. ஆனா தீர்ப்பு வேற, வசூல் வேற. கோனோகோபிலிப்ஸுக்கு வெனிசுலா குடுக்கணும்னு 2019-ல வந்த தீர்ப்பு 8 பில்லியன் டாலருக்கு மேல, அத வசூல் பண்றதுக்கு அவங்க வருஷக்கணக்கா நாடு நாடா வெனிசுலாவோட சொத்தத் தேடி அலையறாங்க. அர்ஜென்டினா 2012-ல ஒய்பிஎஃப் எண்ணெய் கம்பெனில ரெப்சோலோட பங்க எடுத்துக்கிச்சு, ரெண்டு வருஷம் கழிச்சு 5 பில்லியன் டாலர் பாண்டா குடுத்து முடிச்சுது.

கோர்ட் சுதந்திரமா இருந்தா மட்டும் போதுமான்னா அதுவும் இல்ல. இந்தியாவுல வோடஃபோன் வரி வழக்குல 2012 ஜனவரில உச்ச நீதிமன்றம் கம்பெனிக்கு சாதகமா தீர்ப்பு குடுத்துது, அதே வருஷம் பட்ஜெட்ல 1962-லேந்து செல்லுபடியாகற மாதிரி சட்டத்தையே மாத்திட்டாங்க. 2020-ல சர்வதேச நடுவர் மன்றத்துலயும் அரசாங்கம் தோத்துது, 2021 ஆகஸ்ட்ல அந்த முன்தேதி வரிய வாபஸ் வாங்கினாங்க. கோர்ட் நல்லாருக்குன்னு ஒரு மார்க் போடலாம், கோர்ட்ட தாண்டி சட்டத்த பின்தேதியிட்டு மாத்தின பழக்கம் இருக்குன்னு தனியா எழுதணும், அத திருத்திக்கிட்டாங்கன்னும் எழுதணும். மூணும் சேந்தாதான் அது நேர்மையான மதிப்பீடு.

ரேட்டிங் ஏஜென்சிகளப் பத்தி அதிகம் சொல்ல வேணாம், அரசாங்கம் பாண்ட் கடன திருப்பிக் குடுக்குமாங்கறதுதான் அவங்க வேல, உங்க பார்ட்னர் உங்கள ஏமாத்துவாரான்னு அவங்க பாக்கறதில்ல. ஐஎம்எஃப் வருஷா வருஷம் போடற ஆர்ட்டிகிள் நாலு அறிக்கை அதவிட உபயோகம், அதுல அரசு கம்பெனிகளோட கடன், அரசாங்கம் பாக்கி வச்சிருக்கற பில், அந்நியச் செலாவணி கட்டுப்பாடு மூணப் பத்தியும் பெரும்பாலும் எழுதியிருப்பாங்க.

நாடு போற திசையையும் பாக்கணும். லாட்வியாவுல 2018 பிப்ரவரில அமெரிக்கா ஏபிஎல்வி பேங்க் மேல பணச் சலவைன்னு அறிவிப்பு குடுத்துது, ரெண்டே வாரத்துக்குள்ள பேங்க் முடிஞ்சுது. அந்த அதிர்ச்சிக்கு அப்புறம் அந்த நாடு ஷெல் கம்பெனி (தொழிலே இல்லாம பேருக்கு மட்டும் இருக்கற கம்பெனி) கணக்குகளுக்கு தடை போட்டு, வெளிநாட்டுக்காரங்க டெபாசிட்ட வேகமா குறைச்சு, சாம்பல் பட்டியல்ல விழாம தப்பிச்சுது. 2018-ல எழுதின ரேட்டிங்க 2021-லயும் காப்பி பண்ணவர் ரெண்டு வேற வேற நாட்டப் பத்தி ஒரே வரி எழுதியிருப்பாரு.

எழுதறப்போ

சராசரி எடுக்காதீங்க. தடைல சிவப்பு, கோர்ட்ல பச்சைன்னா விடை மஞ்சள் இல்ல, சிவப்புதான். ஆபத்து என்ன, அத குறைக்கற ஏற்பாடு என்ன, ஏற்பாட்டுக்கு அப்புறமும் மிச்சம் என்னன்னு தனித்தனியா எழுதுங்க. ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்துல ஆதாரத்தோட வருஷத்த போடுங்க, எவ்வளவு உறுதியா சொல்றீங்கன்னும் போடுங்க. அப்புறம் இந்த ரிஸ்க் இருந்தா என்ன செய்யணும்னு ஒரு வரி: முழுசா பணம் வாங்கிட்டு சரக்கு அனுப்பு, நடுவர் மன்றம் வெளிநாட்டுல வை, லோக்கல் பார்ட்னரோட நிஜ முதலாளி பேர் எழுத்துல வாங்கு, லாபத்த காலாண்டுக்கு ஒரு தடவ வெளிய எடு. இந்த வரி இல்லாத அறிக்கைய படிக்கறவருக்கு கையில ஒண்ணும் மிஞ்சாது.

ஒரு விஷயம் மனசுல வச்சுக்கணும், ஒரு நாட்டுக்கு ஹை ரிஸ்க்குன்னு சீல் குத்தினா அடி வாங்கறது கொள்ளையடிச்சவர் இல்ல, அவருக்கு வேற நாட்டுல கணக்கு இருக்கும். வெளிநாட்டு பேங்க்குகள் ஒட்டுமொத்தமா கதவ சாத்தினப்ப சோமாலியாவுல குடும்பத்துக்கு பணம் அனுப்பறவங்க வழிதான் அடைஞ்சுது. அதனால ரிஸ்க்குன்னு எழுதினா எந்தத் துறை, எந்த மாதிரி வாடிக்கையாளர், எந்த வழின்னு குறிச்சு எழுதுங்க, நாடு முழுக்க கறுப்பு மை ஊத்தாதீங்க.

அறிக்கை மேல தேதி போட்டு, எப்ப மறுபடி திறக்கணும்னும் எழுதிடுங்க. எஃப்ஏடிஎஃப் கூட்டம் பிப்ரவரி, ஜூன், அக்டோபர்ல நடக்கும், அந்த மூணு தடவையும் பட்டியல் மாறுதான்னு பாக்கணும். தெரு ரேட்டும் அரசாங்க ரேட்டும் திடீர்னு பிரிஞ்சாலோ, மத்திய வங்கி கவர்னர பாதில தூக்கினாலோ, ஊழல் விசாரிச்ச அதிகாரிய மாத்தினாலோ வருஷம் முடியற வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே ஃபைல எடுத்துடுங்க.